சின்ன வயதில் பட்ட காயம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருடங்களாக ஒரு சிறு குழுவில் உட்கார்ந்து வருகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர், வாரத்துக்கு ஒரு மாலை. எல்லோருக்கும் பேச வேண்டியிருப்பது சின்ன வயதில் தங்கள் மனதில் பட்ட காயத்தைப் பற்றி. நான் மருத்துவன் இல்லை. அதே வழியாக வந்தவன், அதில் நான்கு வருடம் தெரபிக்கு, அதாவது பேசிக் குணமாக்கும் மனநல சிகிச்சைக்கு, போனவன், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. முடிந்து கிளம்பும்போது, கதவருகில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒண்ணு கேட்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன்.

"எல்லார் வீட்டிலயும்தான் அடி விழுந்துச்சு. இதையெல்லாம் போய் காயம்னு சொல்லலாமா?"

எல்லார் வீட்டிலும் நடந்தது என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா? சம்பவம் எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அந்தக் குழந்தை தாங்குகிற அளவை மீறி ஒன்று நடந்து, நடந்த பிறகு "என்ன ஆச்சு?" என்று கேட்கவும் ஆள் இல்லாமல் போனால் அது உள்ளே தங்கிவிடுகிறது. ஒரே மாதிரி அடி வாங்கிய இரண்டு பிள்ளைகளில், அன்று ராத்திரி பாட்டி மடியில் படுத்து அழ முடிந்த பிள்ளைக்கும், போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத பிள்ளைக்கும் பின்னாளில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

இதை எண்ணிக்கையில் காட்டிய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டவர்களிடம், 18 வயதுக்குள் அவர்களுக்கு நடந்தவற்றைக் கேட்டார்கள். அடி, அவமானப்படுத்துவது, பாலியல் அத்துமீறல், கவனிப்பார் இல்லாமை, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது, பெற்றோர் பிரிந்தது உள்ளிட்ட 10 வகை அதில் இருந்தன. மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒன்றாவது உண்டு என்றார்கள். நான்கோ அதற்கு மேலோ என்றவர்கள் சுமார் எட்டில் ஒருவர். எண்ணிக்கை கூடக் கூட மனச்சோர்வு, குடிப்பழக்கம், இதய நோய் வரை பின்னாள் தொந்தரவுகளும் கூடிக்கொண்டே போயின.

இதைச் சொன்னபோது ஒருவர், "எனக்கு 6 வருது. அப்போ நான் அவ்வளவுதானா?" என்று பயந்துபோனார். அது ஒரு பெருங்கூட்டத்துக்குப் போட்ட கணக்கு, தனி ஆளின் ஜாதகம் கிடையாது. பக்கத்தில் யார் இருந்தார்கள், எத்தனை நாள் நடந்தது, எப்போது நின்றது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது.

"என்னை யாரும் அடிக்கல, திட்டல. பீஸ் கட்டினாங்க, துணி வாங்கிக் கொடுத்தாங்க. ஆனாலும் உள்ள காலியா இருக்கு. குறை சொல்றதுக்கே கூச்சமா இருக்கு. இதெல்லாம் காயம்ங்கற கணக்குல வருமா?"

எங்கள் குழுவில் அதிகம் பேர் கேட்டது இதுதான். நடந்த ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். நடக்காமல் போனதை எப்படிக் காட்டுவது? மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்ட அப்பா ஒரு நாளும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை என்பதை யாரிடம் புகாராகச் சொல்ல முடியும்?

1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாய், சில நிமிடங்கள் மட்டும் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். கத்தும். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். சில நிமிடத்துக்கே இப்படி என்றால் வருடக்கணக்கில் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களை யோசித்துப் பாருங்கள். அவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கேட்காமல் இருந்தால் ஏமாற்றம் இல்லை. நாற்பது வயதில் காய்ச்சலில் கிடந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க அவர்களுக்கு வாய் வராது. ஆக, உங்கள் கேள்விக்குப் பதில், வரும். கணக்கில் கண்டிப்பாக வரும்.

"இருபது வருஷம் ஓடிப்போச்சு. மறந்துட்டேன்னுதான் நினைச்சேன். உடம்பு ஏன் இன்னும் நடுங்குது?"

இதற்கு என் கதையையே சொல்கிறேன். அப்பா வண்டியை ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரே மிதியில் டக்கென்று நின்றால் பரவாயில்லை. கால் வழுக்கி, இரண்டாவது முறை மிதித்து, இரும்பு தரையில் கரகரவென்று உரசினால் குடித்திருக்கிறார். படித்துக்கொண்டிருந்த நோட்டை மூடக்கூட மாட்டேன். அப்படியே வைத்துவிட்டு, லைட்டை அணைத்து, பின்கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. முப்பத்தைந்து வயதில் ஒரு நாள் அலுவலகத்தின் கீழே யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வண்டியை நிறுத்தினார். இரும்பு உரசியது. என் உள்ளங்கை சில்லிட்டது. "அப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சு" என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் கண் பின்கதவைத் தேடிவிட்டது.

ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி மூளைக்குள் இருக்கிறது. யோசித்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதியை விட அது வேகமாக வேலை செய்யும். செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாம்பைப் பார்த்துத் தாவிக் குதிக்க முடியாது. "இது எப்போது, எங்கே நடந்தது" என்று நினைவுக்குத் தேதி குறிக்கும் வேலை ஹிப்போகாம்பஸ் என்ற இன்னொரு பகுதியுடையது. கடும் பயத்தில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. அதனால் தேதி போடாத காகிதம் மாதிரி அந்தச் சத்தமும் பயமும் உள்ளே கிடக்கின்றன. வெளியே அதே சத்தம் கேட்டதும் "இப்போது நடக்கிறது" என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மறந்தது கதையை. உடம்பு வைத்திருப்பது எச்சரிக்கையை.

"யாராவது குரலை உயர்த்தினா எனக்குப் பேச்சே வராது. கல்லு மாதிரி நின்னுடுவேன். நான் கோழையா?"

இல்லை. ஆபத்து வந்தால் உயிரினங்கள் எதிர்க்கும், ஓடும், இரண்டும் முடியாதபோது உறைந்து போகும். எட்டு வயதுப் பிள்ளை ஆறடி ஆளை எதிர்க்க முடியாது. வீட்டை விட்டு எங்கே ஓடுவது? மிச்சம் இருப்பது உறைவதுதான். அதில் இன்னொரு வகையும் உண்டு. சிரித்துப் பேசி, தலையாட்டி, எதிராளியின் முகம் பார்த்து நடந்து புயலைக் கடப்பது. "அவன் ரொம்ப நல்லவன், யாருக்கும் முடியாதுன்னே சொல்ல மாட்டான்" என்று பெயர் வாங்கியவர்களில் பலர் இந்த ரகம். நானும்தான்.

அன்று அது உங்களைக் காப்பாற்றிய தந்திரம். இன்று மேலதிகாரி ஒரு கோப்பைக் கேட்டாலும் அதே தந்திரம் ஓடிவருவதுதான் தொல்லை.

"ஏழு வயசு வரைக்கும் எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. ஏதோ பெருசா நடந்து மறைஞ்சு கிடக்குதா?"

நடந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மூன்று வயதுக்கு முந்தைய நினைவுகள் பெரும்பாலும் யாருக்குமே நிற்பதில்லை. அதற்கடுத்த சில வருடங்களும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். சிலருக்குக் காயத்தின் காரணமாகவே நினைவு விட்டுப்போவதும் உண்டு. ஆனால் நினைவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இது அதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஹிப்னாடிசம் செய்து மறைந்த நினைவை எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எலிசபெத் லோஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை உண்மைச் சம்பவங்களோடு கலந்து சொன்னதும், கலந்துகொண்ட 24 பேரில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் அதை நினைவிருப்பதாகச் சொன்னார்கள். நினைவு அவ்வளவு இளகியது. குணமாவதற்கு எல்லாம் நினைவுக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்றைக்கு உங்களுக்கு என்ன செய்கிறது, தூக்கம் வருகிறதா, எதைக் கண்டு உடம்பு பதறுகிறது என்பதிலிருந்தே வேலையை ஆரம்பிக்கலாம்.

"நான்தான் ஏதோ தப்புப் பண்ணியிருப்பேன்னு இன்னமும் தோணுது. அறிவுக்குத் தெரியுது, மனசு கேட்க மாட்டேங்குது."

குழந்தைக்கு அந்தப் பெரியவரை விட்டால் வேறு கதி இல்லை. "என்னைக் காப்பாற்ற வேண்டியவர் கெட்டவர்" என்று ஒத்துக்கொண்டால் உலகமே இடிந்துவிடும். "நான் கெட்ட பிள்ளை, அதனால்தான் அடிக்கிறார்" என்று நினைத்துக்கொண்டால் ஒரு நம்பிக்கையாவது மிஞ்சும்: நாளைக்கு நல்ல பிள்ளையாக இருந்தால் அடி விழாது. ரொனால்ட் ஃபேர்பேர்ன் என்ற மனப்பகுப்பாய்வாளர் 1943லேயே இதைப் பற்றி எழுதினார். குற்ற உணர்ச்சி அந்தக் குழந்தைக்குப் பிடிமானமாக இருந்தது. அதனால்தான் வாதம் செய்து அதைப் பிடுங்க முடிவதில்லை.

வாதத்தை விட எனக்கு உதவியது வேறொன்று. ஒரு நாள் பேருந்தில் எதிர் சீட்டில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. கால் தரையைத் தொடவில்லை. ஷூ லேஸ் ஒன்று அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அடி வாங்கிய வயதில் நானும் அவ்வளவு சின்ன ஆளாகத்தான் இருந்தேன் என்று முதல் முறையாக உறைத்தது. என் நினைவில் அந்த ஒன்பது வயதுக்காரன் எப்போதும் என் இப்போதைய உயரத்தில்தான் இருந்திருக்கிறான்! உங்களுக்கு நடந்த வயதில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள்.

பாலியல் அத்துமீறலைச் சந்தித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அப்போது நீங்கள் கத்தாமல் இருந்தது, திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனது, உடம்பு ஏதோ உணர்ந்தது, இவை எதுவுமே சம்மதம் ஆகாது. குழந்தையிடம் சம்மதம் என்ற பேச்சே கிடையாது.

"இதுக்கு டாக்டருங்க ஏதாவது பேர் வெச்சிருக்காங்களா?"

பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்தக் கோளாறு, சுருக்கமாக பிடிஎஸ்டி, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. போர், விபத்து மாதிரி தனிச் சம்பவங்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது. வருடக்கணக்கில், அதுவும் வீட்டுக்குள்ளேயே நடந்ததற்குப் போதவில்லை. ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் "சிக்கலான பிடிஎஸ்டி" என்று தனியாகப் பிரிக்க வேண்டும் என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கெட்ட கனவு, பதற்றம், தவிர்ப்பு ஆகியவற்றோடு உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, தன்னைப் பற்றிய தீராத இழிவு எண்ணம், யாரோடும் நெருங்க முடியாமை மூன்றும் சேர்ந்திருந்தால் இந்தப் பெயர். மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது, படித்துவிட்டு நாமே ஒட்டிக்கொள்ள வேண்டாம். எந்தப் பெயரும் பொருந்தாமலே கஷ்டப்படுகிறவர்களும் நிறைய.

"தெரபின்னா உள்ள என்னதான் நடக்கும்? எல்லாத்தையும் முதல் நாளே சொல்லணுமா?"

வேண்டாம். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வைப்பவர் நல்ல தெரபிஸ்ட் இல்லை. நான் முதலில் போனவர் அப்படித்தான். முதல் சந்திப்பின் இருபதாவது நிமிடத்தில் "சரி, நடந்ததை விவரமாகச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அப்புறம் ஒன்றரை வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

மேலே சொன்ன ஜூடித் ஹெர்மன் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, கடைசியில் வாழ்க்கையோடு மறுபடி சேர்வது. முதல் கட்டத்தில் பழைய கதையே வராமல் மாதங்கள் ஓடலாம். தூக்கம், பதற்றம் வந்தால் என்ன செய்வது, வீட்டில் இப்போது ஆபத்து ஏதும் உண்டா, இதைத்தான் பேசுவீர்கள். காயத்தை நேரடியாகத் தொடும் முறைகளில் நன்கு ஆராயப்பட்டவை இரண்டு. ஒன்று, காயத்தை மையமாகக் கொண்ட சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. பயந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, அதோடு ஒட்டிக்கொண்ட "என் தப்பு" மாதிரி முடிவுகளைப் பரிசோதிப்பது. இன்னொன்று இஎம்டிஆர். நினைவை மனதில் வைத்துக்கொண்டே தெரபிஸ்டின் விரலசைவைக் கண்ணால் தொடர்வது. ஃபிரான்சின் ஷப்பிரோ என்ற உளவியலாளர் 1987 வாக்கில் தொடங்கியது. கண்ணசைவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் பலன் இருக்கிறது. இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது.

முறையைத் தேடி ரொம்ப அலைய வேண்டாம். "இன்றைக்கு இதற்கு மேல் வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் அவர் நிறுத்துகிறாரா? "போன தடவை நீங்கள் சொன்னது என்னைப் புண்படுத்தியது" என்றால் சண்டைக்கு வராமல் கேட்கிறாரா? இந்த இரண்டையும் மூன்று நான்கு சந்திப்புக்குள் பார்த்துவிடலாம்.

"மாத்திரை போட்டா சரியாயிடுமா?"

நடந்ததை மாத்திரை மாற்றாது. ஆனால் தூங்கவே முடியாதவர், காலையில் எழவே முடியாதவர் தெரபியில் உட்கார்ந்து என்ன வேலை செய்ய முடியும்? செர்ட்ரலின் மாதிரி மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலருக்குக் காலூன்ற இடம் தருகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக்கூடாது. பதற்றத்துக்குத் தரும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் வேறு ரகம், அவை பழக்கமாகிவிடும், இந்தக் காயத்துக்கு நீண்ட நாள் மருந்தாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

"தெரபிக்குப் போற வசதி இல்ல. நானா ஏதாவது செய்யலாமா?"

நிறைய செய்யலாம். உடம்பு பதறும்போது "இது இப்போது நடக்கவில்லை" என்று அதற்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அந்த மொழி வார்த்தை கிடையாது. இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பை மெதுவாக்கும். நான் இன்னொன்றும் செய்வேன். இன்றைய தேதியையும் என் வயதையும் வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். மேலே சொன்ன தேதியில்லாத காகிதத்துக்குத் தேதி போடுகிற வேலை அது.

எழுதுவதும் உதவும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் கல்லூரி மாணவர்களை அடுத்தடுத்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் மிகப் பெரிய துயரத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதிய கையோடு அவர்கள் மனம் கனத்துப் போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுத எழுத மூழ்கிப் போகிறவர்கள் மட்டும் தனியாக முயல வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒரு மனிதர். முழுக் கதையும் தெரிய வேண்டியதில்லை. "இன்னைக்கு முடியல" என்று சொன்னால் "சரி, வா நடந்துட்டு வரலாம்" என்பவர் போதும். மனிதரால் பட்ட காயம் மனிதரோடு இருந்துதான் ஆறுகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தப் பயிற்சிகளை நம்பி இருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த நேரமே, நம்பும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

"தெரபி ஆரம்பிச்சதும் முன்னைவிட மோசமா இருக்கு. நிறுத்திடவா?"

மரத்துப்போன கால் உயிர் வரும்போது ஊசி குத்துமே, அப்படிக் கொஞ்ச நாள் இருக்கும். அது வேறு, நான் முதல் தெரபிஸ்டிடம் போய் மூன்று நாள் படுத்த கதை வேறு. அழுகை வருகிறது, கனவு வருகிறது, ஆனால் வேலைக்குப் போகிறீர்கள், குளிக்கிறீர்கள் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். அன்றாடமே குலைகிறது, குடி கூடுகிறது, உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் வேகம் அதிகம். நிறுத்துவதற்கு முன் அவரிடமே, "மெதுவாகப் போகலாம்" என்று சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன செய்கிறார் என்பதிலேயே இருப்பதா கிளம்புவதா என்று தெரிந்துவிடும்.

"என் தம்பியும் அதே வீட்டிலதான் வளர்ந்தான். அவன் ஜாலியா இருக்கான். எனக்கு மட்டும் ஏன்?"

அதே வீடுதான், ஆனால் நீங்கள் எட்டு வயதாக இருந்தபோது இருந்த வீடும் அவர் எட்டு வயதாக இருந்தபோது இருந்த வீடும் ஒன்றா? சில வீடுகளில் மூத்ததுதான் குறுக்கே போய் நின்று அடியை வாங்கிக்கொண்டிருக்கும். தம்பி ஜாலியாக இருப்பதற்கு நீங்களே காரணமாகவும் இருக்கலாம். ஜாலி என்பது வெளியே தெரிவது, அதுவும் இருக்கிறது.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவரது குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, சண்டை எனப் பல சிக்கல்கள் சூழ்ந்த வீட்டுக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாகவே வளர்ந்தது. அவர்களிடம் வெர்னர் கண்ட பொதுவான விஷயங்களில் ஒன்று, பெற்றோர் இல்லாவிட்டாலும் தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையோடு நிலையாக ஒட்டி இருந்தது. பொறாமை வந்தால் தப்பில்லை. தம்பியிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், அவருக்கு யார் இருந்தார்கள் என்று. சில சமயம் "நீதான்" என்று பதில் வரும்.

"மன்னிச்சாத்தான் நிம்மதின்னு எல்லாரும் சொல்றாங்க. மன்னிக்கலேன்னா குணமாகாதா?"

ஆகும். மன்னித்தவர்களும் குணமாகியிருக்கிறார்கள், மன்னிக்காதவர்களும் குணமாகியிருக்கிறார்கள். இரண்டு வகையும் எங்கள் குழுவிலேயே உண்டு. இந்த அறிவுரையைச் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் நிம்மதியை விடக் குடும்பத்தின் அமைதிதான் கவலை என்பது என் எண்ணம். கோபம் வருவதற்கு முன்பே மன்னித்தால் அது மன்னிப்பும் ஆகாது, மேலே சொன்ன தலையாட்டும் தந்திரத்தின் இன்னொரு வேஷம் அது. முதலில் கோபம் வரட்டும். அப்புறம் துக்கம் வரும், கிடைக்காமல் போன அந்தச் சின்ன வயதுக்காக. அதற்கப்புறம் மன்னிப்பு தானாக வந்தால் வரட்டும், வராவிட்டாலும் உங்கள் தூக்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

"அம்மாகிட்ட நேரா கேட்டுடலாம்னு இருக்கேன். கேட்கலாமா?"

கேட்பதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலையே, நீயா எதையாவது நினைச்சுக்கறே" என்று அவர் சொன்னால் அன்று ராத்திரி உங்களுக்கு என்ன ஆகும்? அநேகமாக வரப்போகும் பதில் அதுதான். அதைத் தாங்க முடியும், சொல்லிவிட்டேன் என்பதே போதும் என்றால் கேளுங்கள். அவர் ஒத்துக்கொண்டால்தான் நான் எழுந்திருப்பேன் என்றால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். உங்கள் சாவியை அவர் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் காத்திருக்க முடியாது. உங்களிடம் அத்துமீறியவர் இன்று இன்னொரு குழந்தையோடு தனியாக இருக்கும் நிலையில் இருந்தால், அந்தக் குழந்தையின் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். தனியாகச் சொல்ல முடியாவிட்டால் துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

"அடிச்ச அதே அப்பாவுக்கு இப்ப பக்கவாதம். நான்தான் குளிப்பாட்டி விடணும். என் கை நடுங்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

இதைக் கேட்டவர் கூட்டம் முடிந்தும் அரை மணி நேரம் வாசலில் நின்றார். அப்பாவின் கை இப்போது ஒரு துண்டு மாதிரி தொங்குகிறது என்றார். அந்தக் கையைத் தூக்கி சோப்புப் போடும்போது சில நாள் பாவமாக இருக்கிறது, சில நாள் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருக்கிறது, இரண்டுக்கும் வெட்கமாக இருக்கிறது என்றார்.

இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதைத் தவிர என்னிடம் பெரிய பதில் இல்லை. பார்த்துக்கொள்வதால் நடந்தது இல்லை என்று ஆகாது. பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீங்கள் கெட்ட மகனும் ஆகிவிட மாட்டீர்கள். கவனிப்பு என்றால் நீங்களேதான் தொட வேண்டும் என்பதில்லை. அவர் கடைசியில், குளிப்பாட்டுவதற்கு மட்டும் ஒரு ஆள் வைத்துக்கொண்டு, மருந்து, டாக்டர், பணம் மூன்றையும் தான் எடுத்துக்கொண்டார். உறவில் சிலர் பேசினார்கள். கை நடுக்கம் நின்றது.

"எனக்கும் பிள்ளை பிறக்கப் போகுது. நானும் அப்படியே ஆயிடுவேனோ?"

இந்தப் பயம் வந்துவிட்டதே, அது பாதி வேலை. அடிபட்டவர் அடிப்பவராகத்தான் ஆவார் என்பது தவறு. ஜோன் காஃப்மன், எட்வர்ட் சிக்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அப்படி ஆகிறவர்கள் 30 சதவீதம் அளவில்தான் என்று கணித்தார்கள். மிச்சப் பேர் ஆவதில்லை. சம்பவத்தை மட்டும் நினைவு வைத்து வலியை மறந்தவர்களிடம்தான் அது திரும்ப வருகிறது என்று செல்மா ஃப்ரெய்பர்க் என்ற குழந்தை மனப்பகுப்பாய்வாளர் 1975இல் எழுதினார். "எங்கப்பா பெல்ட்டால அடிப்பார், ஹா ஹா" என்று சிரித்துச் சொல்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒரு நாளும் கத்தாத பெற்றோராக இருக்க முடியாது, தேவையும் இல்லை. முன்பு கல் முகச் சோதனை பற்றிச் சொன்னேனே, அதே டிரானிக்தான், சாதாரணத் தாயும் குழந்தையும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்று கண்டார். மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்வதும்தான். என் மகளிடம் ஒரு நாள் கத்திவிட்டேன். அவள் கை நோட்டின் மேல் அப்படியே நின்றது. அந்த நிற்றல் எனக்குத் தெரியும். பத்து நிமிடம் கழித்துப் போய்க் கீழே உட்கார்ந்து, "அப்பா கத்தினது தப்பு. நீ தப்பா எதுவும் செய்யல" என்றேன். அவள் "சரி, இந்தக் கணக்கு வரல" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள். என் சின்ன வயதில் இந்தப் பத்தாவது நிமிடம் வந்ததே இல்லை.

"என் மனைவிக்குத்தான் இப்படி. நான் என்ன செய்யணும்?"

துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்ற வாக்கியத்தை வீட்டை விட்டே துரத்துங்கள். பின்னாலிருந்து போய்த் தொடாமல் முதலில் குரல் கொடுங்கள். அவர் உறைந்து போனால் உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வருவது மாதிரிச் சின்ன விஷயங்கள் உங்களுக்கு அற்பமாகத் தெரியும், அவருக்கு அதுதான் மருந்து. நீங்கள் அவருடைய தெரபிஸ்ட் இல்லை. உங்களுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும்.

"முழுசா எப்ப குணமாவேன்?"

தேதி கேட்டால் என்னிடம் இல்லை. என் கணக்கை வேண்டுமானால் சொல்கிறேன். முன்பு அந்த ஸ்டாண்ட் சத்தம் கேட்டால் அன்றைய நாளே போய்விடும். தெரபியின் இரண்டாவது வருடத்தில் ஒரு மணி நேரம் ஆனது. இப்போது இரண்டு நிமிடம். சில நாள் கேட்டதே பிறகுதான் நினைவுக்கு வருகிறது. நடுவில் அம்மா இறந்தபோது எல்லாம் பழையபடி ஆகி ஆறு மாதம் இருந்தது, அப்புறம் திரும்பவும் தணிந்தது. சத்தம் கேட்காமல் போக வேண்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்பீர்கள். எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறோம் என்பதைத்தான் நான் எண்ணுகிறேன்.

"இதையெல்லாம் படிச்சதுக்கே நெஞ்சு படபடங்குது. இப்ப என்ன பண்றது?"

இதோடு நிறுத்துங்கள். பாதம் தரையில் இருக்கிறதா பாருங்கள், மூச்சை நீளமாக விடுங்கள், இன்றைய தேதியைச் சொல்லுங்கள். எழுந்து முகம் கழுவிவிட்டு, அந்த "வா நடந்துட்டு வரலாம்" ஆளுக்குப் போன் செய்யுங்கள். இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதில்லை. வேறு எதையாவது பேசுங்கள்.